குழாய்க்காக வாங்கிய பெரிய ஊதி

இன்று காலை எதிர்வீட்டில் விளக்கெண்ணெய் காய்ச்சினார்கள். அந்த வீட்டு மருமகளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. கடையில் வாங்கும் எண்ணெய் பிள்ளைக்கு ஆகாது என்று கொட்டைமுத்தை வறுத்து இடித்து அடுப்பு மூட்டிவிட்டார்கள். நான் வாசல் தெளித்துக்கொண்டிருந்தேன். அந்த வாசனை வந்ததும் வாளியைக் கீழே வைத்துவிட்டுத் தெரு முனையைப் பார்த்தேன். நீங்கள் வண்டியைத் திருப்பிக்கொண்டு வரப்போகிறீர்கள், நான் ஓரமாக நிற்க வேண்டும் என்று உடம்பு தானாகவே முடிவு செய்துவிட்டது. சுவரோடு ஒட்டி நின்றேன். தெருவில் ஒரு நாய்தான் வந்தது.

ஊரில் எல்லார் வீட்டிலும் அது குழந்தைக்கும் விளக்குக்கும் ஆன எண்ணெய். நம் வீட்டில் மட்டும் காருக்கு. "ரேஸ்காரங்க எல்லாம் இதத்தான் ஊத்துறாங்க" என்று செக்கிலிருந்து டின்னோடு வாங்கிவந்து என்ஜினில் ஊற்றினீர்கள். வண்டி சூடேறினால் தெரு முழுக்க அந்த வாசனைதான். உங்கள் அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு, "அந்த வண்டிக்கு வயிறு சரியில்லயாடா?" என்று கேட்பார்கள். நீங்கள் போன பிறகும் வாசனை போகவில்லை. சத்தமும் போகவில்லை. நம் வீட்டுக்குப் பின்தெருவில் இப்போது பட்டுநூல் முறுக்கும் மிஷின் போட்டிருக்கிறார்கள். காலையில் மோட்டாரைப் போட்டதும் மெல்லிதாக ஒரு ஊளை கிளம்பி, ஏறிக்கொண்டே போகும். அது உங்கள் வண்டியின் ஊளை. அதைக் கேட்டால் இன்றும் என் கை பிடித்துக்கொள்ளக் கதவைத் தேடுகிறது.

பெயர் போடாமல் எழுதத் தொடங்கிவிட்டேன். உயிரோடு இருந்தபோது உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "ஏங்க" என்றால் திரும்பிப் பார்ப்பீர்கள். இப்போது பெயர் எழுதினால் யாரோ ஒரு மூன்றாம் மனிதருக்கு எழுதுவதுபோல இருக்கிறது. ஏங்க, கேளுங்கள். எனக்கு இன்னும் உங்கள்மேல் கோபம் தீரவில்லை. சொல்லித் தீர்த்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

காரை எதற்கு வாங்கினீர்கள்? மெட்ராஸ் கடைகளுக்குப் பட்டுப்புடவை கொண்டுபோய்க் கொடுப்பது நம் வீட்டுத் தொழில். உங்கள் அப்பா பஸ்ஸில் மூட்டையோடு போனவர். நீங்கள் நீலகிரியில் தோட்டத்தை விட்டுச் சீமைக்குத் திரும்பிய ஒரு துரையிடம் அந்தச் சின்னப் பச்சைக் காரை வாங்கிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினீர்கள். "சரக்கு கசங்காம போவும்மா" என்று அத்தையிடம் கையைக் கட்டிக்கொண்டு சொன்னீர்கள். அத்தை நம்பினார்கள். நான் நம்பவில்லை. சரக்கு கொண்டுபோகிறவன் வண்டியின் முன்மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு சோறு ஆறுகிறவரை உள்ளே பார்த்துக்கொண்டிருப்பானா? முதல் மாதமே மெட்ராஸ் கடைக்காரர் ஒருவர், "உங்க பொடவையக் கட்டிக்கினு அடுப்பாண்ட போவக்கூடாது போலருக்குதே, ஒரே பெட்ரோல் நாத்தம்" என்று திருப்பி அனுப்பினார். அதற்கும் சிரித்தீர்கள். அந்தக் காரை நான் சக்களத்தி என்றுதான் சொல்வேன். "பெரியவளா சின்னவளா?" என்று கேட்பீர்கள். "மூத்தவ மாதிரி மொனகுது, எளையவ மாதிரி செலவு வெக்கிது" என்பேன்.

பிறகு குழாய் வந்தது. புதுப்பேட்டையில் பழைய இரும்புக் குவியலுக்குள் புகுந்து எடுத்துக்கொண்டு வந்தீர்கள். என்ஜினின் நாலு வாய்க்கும் தனித்தனியாக நாலு குழாய் கிளம்பி, வளைந்து, கீழே ஒன்றாகச் சேரும். பின்னால் சைலென்சர் என்ற பெயரில் ஒரு வெறும் உருளை. கம்பெனிக்காரன் வைத்த குழாயைக் கழற்றி எறிந்துவிட்டு இதை மாட்டி, முதல் தடவை சாவியைத் திருப்பியபோது உங்கள் முகம் இருந்த இருப்பை நம் கல்யாணத்தன்றுகூட நான் பார்க்கவில்லை. சத்தம் நாலு தெருவுக்குக் கேட்டது. பக்கத்துத் தறிக்காரர் வெளியே வந்து, "எப்பா, நீ வண்டி எடுத்தா என் தறிக்குழியில மண்ணு உதிருதுப்பா" என்றார்.

நம் தெருவில் காலை நேரம் வண்டிகளுக்கு இல்லை. அது பாவுக்கு. நெய்வதற்கான நீளநூலைத் தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, இருபக்கமும் ஆட்கள் நின்று இழை பிரிப்பார்கள். உங்கள் குழாய் துப்பும் கரி அந்த ஈரப் பட்டில் விழுந்தால் ஒரு குடும்பத்தின் உழைப்பு போச்சு. அதனால் தெருக்காரர்கள் ஒரு கட்டுப்பாடு போட்டார்கள்: பாவு நீட்டியிருந்தால் என்ஜினை அணைத்துத் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். நான் உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடிப்பேன். நீங்கள் பின்னாலிருந்து தள்ளுவீர்கள். இழை பிரிக்கிற பெண்கள் தலை நிமிராமலே, "இன்னாக்கா, ராணி மாரி போறீங்க" என்பார்கள். உங்களுக்கு மூச்சு வாங்கும். எனக்குச் சிரிப்பு வாங்கும். நாம் சேர்ந்து சந்தோஷமாக இருந்த நேரங்களைக் கேட்டால் நான் அந்தத் தெருவைத்தான் சொல்வேன்.

அந்த வருஷம் என்னைப் பந்தயம் பார்க்க அழைத்துப் போனீர்கள். மெட்ராஸுக்கு வடக்கே, யுத்த காலத்தில் விமானத்துக்காகப் போட்டு, பிறகு கைவிட்ட சிமென்ட் பாதை. கயிறு கட்டி ஜனங்களை நிறுத்தியிருந்தார்கள். திருவிழாக் கூட்டம், பட்டாணி சுண்டல், தூசி. எனக்கு முதலில் பிடித்துத்தான் இருந்தது. பிறகு ஒரு வண்டி வளைவில் புரண்டது. ஓட்டியவரை நாலு பேர் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அவருடைய ஒரு காலில் ஷூ இல்லை. கூட்டத்திலிருந்து ஒரு பெண் கயிற்றுக்கு அடியில் புகுந்து ஓடினாள். வழியில் கிடந்த அந்த ஷூவைக் குனிந்து எடுத்து, கையில் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். அவர் பிழைத்தாரா இல்லையா என்று நமக்குத் தெரியாது. திரும்பி வரும்போது நீங்கள் வண்டிகளின் வேகத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தீர்கள். நான் அந்த ஷூவைப் பற்றி நினைத்துக்கொண்டே வந்தேன். வீட்டுக்குள் நுழையும்போது, "அடுத்த வருசம் நானும் எறங்கறேன்" என்றீர்கள்.

இறங்குவதற்கு நம் வண்டிக்கு மூச்சு போதாது என்றார் பாய். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டிருந்த உங்கள் மெக்கானிக் சினேகிதர். சூப்பர்சார்ஜர் என்ற பெயரை அவரிடம்தான் முதலில் கேட்டேன். அவர் அதை "ஊதி" என்பார். எனக்கு விளங்கவில்லை என்று, "தங்கச்சி, நீ அடுப்புல ஊதுகொழல் வெச்சி ஊதறியே, அதான். இது பெல்ட்டுல சுத்திக்கினு என்ஜினுக்குள்ள காத்த ஊதும். காத்து ஜாஸ்தியானா பெட்ரோலு ஜாஸ்தி எரியும். ஜோரா இழுக்கும்" என்றார். அன்றிலிருந்து எனக்கும் அது ஊதிதான்.

ஊதி இரண்டு கிடைத்தது. சனியன் ஒன்று மட்டும் கிடைத்திருந்தால் கதையே வேறு. சின்ன செட் பெங்களூரில் ஒருவரிடம் இருந்தது. நம் வண்டி மாதிரி வண்டிக்கென்றே செய்தது, தாங்கிகள், பெல்ட், போல்ட் எல்லாம் ஒரே பெட்டியில். கொஞ்சமாகத்தான் ஊதும். பெரியது ஏதோ ஒரு பெரிய காரிலிருந்து கழற்றியது. தாங்கியிலிருந்து எல்லாம் நாமே அடித்துச் செய்துகொள்ள வேண்டும். இவ்வளவு சொன்னால் பச்சைப்பிள்ளைகூடச் சின்னதைத்தான் எடுக்கும். ஆனால் நடுவில் குழாய் நின்றது.

பாய் முன்மூடியைத் திறந்து வைத்து விரலால் காட்டினார். "சின்னது ஒக்கார்ற எடத்துல ஒன் கொழாயி நிக்குது தம்பி. இந்த என்ஜினுக்குக் காத்து போற வழியும் பொக வர்ற வழியும் ஒரே பக்கம். நாலு கொழாயையும் எடுத்துட்டு, கம்பெனிக்காரன் கொழாய மறுபடி மாட்டினாத்தான் சின்னது ஏறும்."

"பெருசு?" என்றீர்கள்.

"பெருசு எதிர்ப்பக்கம் ஏறும். கொழாயத் தொடவேணாம். ஆனா பெல்ட்டு நீளம். காத்தும் பேஜாரா தள்ளும். நம்மூரு பெட்ரோலுக்கு அது தாங்குமான்னு எனக்குத் தெரியாது. ஓடற ஓட்டத்துல பிஸ்டன் ஓட்டையாச்சின்னா என்ஜின் கப்புனு புடிச்சிக்கும். அப்போ வண்டி எந்தப் பக்கம் திரும்பும்னு எந்த மவராசனாலயும் சொல்ல முடியாது."

இதையும் சொல்லிவிட்டு, பெரிய ஊதியை மடியில் வைத்துக் கையால் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் ஆசைதான். இரண்டு பேரும் சேர்ந்து அதைப் பார்த்த பார்வையைப் பார்த்து எனக்கு எரிச்சல் வந்தது.

வீட்டில் சண்டை. நான் சின்னதே போதும் என்றேன். குழாய் போனால் போகட்டும், தெருவாவது தூங்கும் என்றேன். நீங்கள் அடுக்களைக்கே வந்து என் அடுப்பைக் காட்டிப் பேசினீர்கள். "நீ ஊதற. பொக போவ மேல ஓட்டை இல்லன்னா இன்னா ஆவும்? ஒன் மூஞ்சிக்கே திரும்பும். உள்ள ஊதறது வெளிய போவ வழி வேணாமா? அந்தச் சின்ன கம்பெனிக் கொழாயில ஊதினா பாதிதான் பிரயோஜனம்." அதில் நியாயம் இருந்தது, அதுதான் எனக்கு இன்னும் கோபம். ஆனால் நியாயம் பேசி முடித்த பிறகு குரலைத் தாழ்த்தி, "கொழாய எடுத்துட்டா அப்புறம் அது என் வண்டியாமா?" என்றீர்கள். அதுதான் உண்மைக் காரணம். அந்தச் சத்தத்துக்காக நீங்கள் உயிரைப் பணயம் வைக்கத் தயார். நான் தயாராக இல்லை. எனக்கு அந்தப் பெண்ணின் கையிலிருந்த ஷூ கண்ணை விட்டுப் போகவில்லை.

அத்தைதான் முடிவு சொன்னார்கள். "ரெண்டு பேரும் எதுக்குக் கத்திக்கினு இருக்கறீங்க? பூக்கட்டிப் பாத்துடுங்க." பெண் எடுப்பதிலிருந்து தறி போடுவதுவரை நம் வீட்டில் எது முடிவாகாவிட்டாலும் அம்மன் சன்னதியில் பூக்கட்டிப் பார்ப்பதுதானே வழக்கம். வெள்ளை நந்தியாவட்டை ஒரு பொட்டலத்தில், சிவப்பு அரளி ஒரு பொட்டலத்தில். வெள்ளை வந்தால் சின்னது. சிவப்பு வந்தால் பெரியது. நீங்கள் உடனே சரி என்றீர்கள். அவ்வளவு சுலபமாக நீங்கள் எதற்கும் சரி சொன்னதில்லை. எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

தெருமுனை அம்மன் கோயிலுக்குப் போனோம். பூவை வாழையிலையில் மடித்து நார் சுற்றி நீங்களே கட்டினீர்கள். பூசாரி இரண்டையும் அம்மன் காலடியில் வைத்துக் கற்பூரம் காட்டினார். நான் கண்ணை மூடிக்கொண்டு வெள்ளை, வெள்ளை என்று வேண்டிக்கொண்டேன். கோயிலுக்கு வந்திருந்த யாரோ ஒருவரின் சின்னப் பெண்ணைக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னார்கள். அவள் யோசித்து ஒன்றை எடுத்தாள். சிவப்பு அரளி. நீங்கள் அம்மனைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டீர்கள். எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்காமல் வேப்பமரத்தடியில் போட்டுவிடுவது வழக்கம். பூசாரி போட்டார். நீங்கள் செருப்பைத் தேடப் போன நேரத்தில் நான் அதை எடுத்துப் பிரித்தேன். அதிலும் சிவப்பு அரளிதான் இருந்தது.

அதை முந்தானையில் முடிந்துகொண்டேன். வீட்டுக்கு வந்து பொட்டலத்தை உங்கள் தட்டில் வைத்தேன். பார்த்தீர்கள். முகம் கறுக்கும் என்று எதிர்பார்த்தேன். "ரெண்டுல எதுன்னு யோசிக்கிற வேல அம்மனுக்கு எதுக்குன்னு பாத்தேன்" என்றீர்கள். சிரிக்கக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். சிரித்திருந்தால் அழுதிருப்பேன். அத்தையிடம் நான் சொல்லவில்லை, இன்றுவரை சொல்லவில்லை. அன்று குழம்பில் உப்பே போடவில்லை. நீங்கள் ஒரு வார்த்தை பேசாமல் அதைச் சாப்பிட்டு, இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டீர்கள். கை கழுவிய பிறகு நான் சொன்னேன்: "அம்மனத்தான் ஏமாத்திட்டீங்க. இனிமே அந்த ஊதியோட வண்டி எடுத்தா, நானும் பக்கத்துல ஒக்காருவேன். நான் இல்லாம எடுக்கக்கூடாது."

"பந்தயத்துல பக்கத்துல ஆள வெக்க வுட மாட்டாங்கம்மா."

"பந்தயத்துல வேணாம். அதுக்கு முன்னால எடுக்கற ஒவ்வொரு வாட்டியும்."

சரி என்றீர்கள். இந்த ஒரு சத்தியத்தை மட்டும் நீங்கள் ஏமாற்றவில்லை.

ஊதியை மாட்டி முடித்ததும் விடியற்காலையில் கிளம்புவோம். தெருக்கோடிவரை தள்ளிக்கொண்டு போய், அங்கே ஸ்டார்ட் செய்வோம். ஏனாத்தூர் தாண்டினால் சாலையில் வண்டியும் இருக்காது, மாடும் இருக்காது. பாய் என் முழங்காலுக்கு எதிரே ஒரு கடிகாரம் மாதிரி ஒன்றைப் பொருத்தியிருந்தார். ஊதி எவ்வளவு அழுத்துகிறது என்று அதன் முள் காட்டும். எந்த இடத்தைத் தாண்டக்கூடாது என்று அவர் சொன்னாரோ, அங்கே கண்ணாடிமேல் நான் குங்குமத்தால் ஒரு பொட்டு வைத்தேன். முள் பொட்டைத் தொட்டால் சொல்ல வேண்டியது என் வேலை. நல்ல வேலைக்காரிதான் நான். வேகம் ஏறும். பின்னால் குழாய் அலறும், முன்னால் ஊதி ஊளையிடும். புளியமரங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நான் ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு கண்ணை இறுக்க மூடிக்கொள்வேன்.

உடனே சத்தம் இறங்கும். நீங்கள் பெடலிலிருந்து காலை எடுத்திருப்பீர்கள். "ஏம்மா, கண்ண மூடிக்கினா முள்ள யாரு பாக்கறது?" என்பீர்கள். மறுபடி அழுத்துவீர்கள். மறுபடி நான் மூடிக்கொள்வேன். மறுபடி காலை எடுப்பீர்கள். கடைசிவரை அந்தச் சாலையில் வண்டியின் முழு வேகத்தை நீங்கள் பார்க்கவே இல்லை. பாய் கேட்டதற்கு, "என் முள்ளு கதவாண்ட ஒக்காந்துக்கினு இருக்குது பாய்" என்றீர்கள்.

பந்தய நாள் நானும் பாயும் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றோம். உங்கள் வண்டிதான் அங்கே எல்லாவற்றிலும் சின்னது. முதல் சுற்றில் பின்னால் இருந்தீர்கள். பிறகு ஒவ்வொருவராகத் தாண்டினீர்கள். பாய் கையைத் தட்டித் தட்டிக் கத்தினார். நான் தட்டவில்லை. என் கைகள் கயிற்றைப் பிடித்திருந்தன. கடைசிச் சுற்றில் உங்களுக்கு முன்னால் ஒரே ஒரு வண்டி. நேர்பாதையில் நம் குழாயின் சத்தம் ஏறி ஏறி வந்தது. அந்த வண்டியின் பக்கவாட்டில் நீங்கள் வந்துவிட்டீர்கள். "போச்சு, அடிச்சிட்டான் தம்பி" என்று பாய் குதித்தார். அப்போது சத்தம் இறங்கியது. நடுப்பாதையில், வளைவுக்கு எவ்வளவோ முன்னால். எனக்கு அந்தச் சத்தம் பழக்கம். என்ஜின் கெட்டால் வேறு மாதிரி சத்தம். இது கால் எடுத்த சத்தம். முன்னால் போனவர் போய்விட்டார். பின்னால் வந்தவர்களும் உங்களைத் தாண்டிப் போனார்கள்.

வண்டியிலிருந்து இறங்கி, "பெல்ட்டு வழுக்கிடிச்சி" என்றீர்கள். ஊருக்கு வந்தும் எல்லாரிடமும் அதையே சொன்னீர்கள். ஒரு வாரத்தில் ஊதியைக் கழற்றி விற்றுவிட்டீர்கள். அதோடு நாலு குழாயையும் கழற்றினீர்கள். கம்பெனிக் குழாய் மறுபடி ஏறியது. வண்டி பூனை மாதிரி தெருவில் போய்வந்தது. தறிக்காரர் வந்து உங்கள் கையைப் பிடித்துக் கும்பிட்டார். எதற்காக அம்மனையே ஏமாற்றினீர்களோ, அந்தக் குழாயை நீங்களாகவே கழற்றிப் போட்டீர்கள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

கேட்காததற்குக் காரணம் உண்டு. ஊதியைக் கழற்றும்போது பாய் என்ஜினையும் திறந்து பார்த்தார். கடைத்தெருவில் என்னைப் பார்த்தபோது குழப்பத்தோடு சொன்னார்: "பெல்ட்டு புதுசு மாரி இருக்குது தங்கச்சி. வழுக்கின தடமே இல்ல. பிஸ்டனு நாலும் சுத்தமா இருக்குது. இன்னும் பத்து சுத்து ஓடியிருக்கும். தம்பிக்கு இன்னா ஆச்சி?" நான் தெரியாது என்றேன். ஆனால் தெரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். நீங்கள் பயந்துவிட்டீர்கள். வேகத்தில் உயிர்ப்பயம் வந்து காலை எடுத்துவிட்டீர்கள். என்ன நிம்மதி எனக்கு! என் புருஷன் பயந்தாங்கொள்ளி, எனவே நூறு வயது இருப்பான் என்று கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்தேன்.

நூறு எங்கே? மஞ்சள்காமாலை வந்தது. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தோம். முசரவாக்கத்தில் ஒருவர் பச்சிலை தருகிறார் என்று போனோம். கண் வெள்ளையாகும் என்று காத்திருந்து, ஆகாமல், மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். காரும் வேகமும் அதில் எங்கேயும் இல்லை. நான் பயந்து பயந்து கண்ணை மூடிக்கொண்ட திசையிலிருந்து எதுவும் வரவில்லை. பார்க்காத பக்கத்திலிருந்து வந்தது.

ஆஸ்பத்திரியில் ஒரு மத்தியானம். அத்தை சாப்பிடப் போயிருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே ஏதோ லாரி கியர் மாற்றியது. நீங்கள் கண்ணைத் திறந்தீர்கள்.

"அன்னிக்கு பெல்ட்டு வழுக்கலம்மா."

"தெரியும். பாய் சொன்னாரு."

"எப்போ?"

"அப்பவே."

"தெரிஞ்சிக்கினு ஏன் கேக்கல?"

"பயந்துட்டீங்கன்னு நெனச்சேன். கேட்டா ஒங்களுக்கு ஒரு மாரி இருக்கும்னு வுட்டுட்டேன்."

சிரித்தீர்கள். சிரித்தால் வலித்தது. "பயமா? வண்டி அன்னிக்கு இன்னா இழுப்பு இழுத்துது தெரியுமா? அந்தமாரி ஒருநாளும் இழுத்ததில்ல. இன்னும் கொஞ்சம் அழுத்துனா தாண்டிடுவேன். அப்போ நீ பக்கத்துல இருந்த."

"நான் கயித்தாண்ட பாய் கூட நின்னுக்கினு இருந்தேன்."

"அது எனக்குத் தெரியாதா? ஆனாலும் பக்கத்துல இருந்த. கதவப் புடிச்சிக்கினு, கண்ண மூடிக்கினு. நல்லா பாத்தேன். காலு தானா எழுந்துக்கிச்சி."

"என்னப் பாத்தா பயந்தீங்க?"

"இல்லம்மா. ஒனக்குப் பயமா இருக்குமேன்னு."

  உங்கள் பாதத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த வாரமே போய்விட்டீர்கள்.

ஏங்க, இதை நீங்கள் சொல்லாமல் போயிருக்கலாம். பயந்தாங்கொள்ளியின் பெண்டாட்டியாக நான் நிம்மதியாக இருந்திருப்பேன். வாழ்க்கையில் நீங்கள் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்று. அதைக் கையால் தொடப்போன நேரத்தில் என் பயம் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. ஒன்றும் ஆகியிருக்காது என்று பாய் சொன்னாரே. பிஸ்டன் நாலும் சுத்தமாக இருந்ததே. நீங்கள் ஜெயித்திருப்பீர்கள். ஜெயித்துவிட்டு, பிறகு காமாலை வந்து போயிருந்தாலும் உங்களுக்கென்று ஒன்று இருந்திருக்கும். இதற்கு நான் உங்கள்மேல் கோபப்படுவதா, என்மேலா என்று தெரியவில்லை. உங்கள்மேல் என்று வைத்துக்கொண்டேன். நீங்கள்தான் திருப்பிப் பேசமாட்டீர்கள்.

தொழிலை இப்போது நான்தான் பார்க்கிறேன். பாயிடம் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். முதலில் ஊர் வேடிக்கை பார்த்தது, பிறகு பழகிவிட்டது. பின்சீட்டில் புடவை மூட்டை, முன்னால் நான். பக்கத்து இருக்கையில் யாரையும் ஏற்றுவதில்லை. அத்தை வந்தாலும் பின்னால்தான் மூட்டைகளோடு உட்கார வேண்டும். அதைப் பார்த்து அவர்களுக்குப் பயம் வந்துவிட்டது. "அவன் ஒன்ன வுட மாட்டேங்கறான்மா" என்று பள்ளிவாசலுக்கு அழைத்துப் போய்த் தண்ணீர் ஓதிக் குடிக்கவைத்தார்கள். கையில் தாயத்தும் கட்டியிருக்கிறார்கள். அவர்கள் மனம் நோகக்கூடாது என்று கட்டிக்கொண்டேன். அவர்களுக்கு விஷயம் தலைகீழாகத் தெரிகிறது.

சுங்குவார்சத்திரம் தாண்டி ஸ்ரீபெரும்புதூருக்குப் போகும் வழியில் ஒரு நேர்சாலை வருகிறது. அங்கே வந்தால் நான் அழுத்துகிறேன். நம் வண்டிக்கு வயதாகிவிட்டது, ஊதியும் இல்லை, இருந்தாலும் நடுங்கிக்கொண்டு ஓடும். கதவு தடதடக்கும். எனக்கு இப்போது பயம் கிடையாது. கண்ணை மூடுவதில்லை. சாலையைப் பார்ப்பேன், பிறகு சட்டென்று இடப்பக்கம் பார்ப்பேன். உயிரோடு கயிற்றாண்டை நின்றுகொண்டிருந்த நானே உங்களுக்காக அங்கே வந்தேன். கூப்பிடாமல் வந்தேன். போய்ச் சேர்ந்த உங்களுக்கு வர என்ன தடை?

நேற்றும் அழுத்தினேன். முந்தாநாள் மழையில் சாலை ஓரமெல்லாம் தண்ணீர். இருக்கையில் என் கைப்பையும் சாப்பாட்டுத் தூக்கும்தான் இருந்தன. இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். இந்த வேகத்தில் இவளுக்குப் பயமாக இருக்குமே என்று உங்களுக்குத் தோன்றட்டும் என்று அழுத்தினேன். எதிரே ஒரு லாரி விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்துக்கொண்டு வந்தது. பெடலிலிருந்து காலை நானேதான் எடுக்க வேண்டியிருந்தது.